சிட்டு கரையேறிய அத்தியாயம்

பெரியவங்க கூட ஒருத்தர் உள்ளே வரலாம் சார் என்று காவலாளி எனக்காகக் கதவைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றார், அக்காதான் வேண்டாம் என்றுவிட்டாள். "நானே போய்க்கிறேன்டா தியாகு, நீ எங்கயாவது நிழலாப் பாத்து உக்காரு" என்று சொல்லிவிட்டு, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, வகுப்புக்குப் போகிற அதே நடையில் உள்ளே போய்விட்டாள். கண்ணாடிக் கதவுதான், ஆனால் கறுப்புத் தாள் ஒட்டியது, அதில் என் முகம் தெரிந்ததே தவிர அக்கா தெரியவில்லை. அறுபத்துநாலு வயதில் முதல் பாஸ்போர்ட். எதிரே ஜெராக்ஸ் கடை, அதற்குப் பக்கத்தில் டீக்கடை, இரண்டுக்கும் நடுவே ஒரு வேப்பமரம், மரத்தடியில் பெஞ்சு. அதில் உள்ளே விடப்படாத புருஷர்கள், அண்ணன்கள், மாமனார்கள், எல்லோருடைய மடியிலும் அடுத்தவருடைய கைப்பை. நானும் அக்காவின் கைப்பையோடு போய் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். ஒன்றரை மணி நேரத்தில் நான் ஒரு வார்த்தையைத் தயார் பண்ணியாக வேண்டும். காலையில் என் மனைவி கற்பகம் சட்டையை எடுத்துக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள், குரலை உயர்த்தவில்லை, அவள் உயர்த்தவே மாட்டாள், "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அண்ணி நின்னுடுவாங்க, சொல்லிடுங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் அக்கா நின்றுவிடுவாள். என்னைக் குடைவதே அதுதான்.

என்ன வார்த்தை. போகாதே என்பதா. அது உத்தரவு, அக்காவுக்கு நான் உத்தரவு போட்டதில்லை, போட வேண்டிய அவசியம் வந்ததில்லை. எதுக்குக்கா இந்த வயசுல என்பதா. அது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் உத்தரவைவிட மோசம். கற்பகத்துக்கு முட்டி வலி, நீ இல்லாட்டி சமாளிக்க முடியாது என்பதா. அது உண்மை, அதனாலேயே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு என்ன பயம் என்று எனக்கே கேட்டுப் பார்க்கிறேன். காலை ஐந்தரைக்கு அடுப்படியில் விளக்கு எரியாது, அதுவா. கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது, அப்பாவின் திதி எந்தத் தேதி, இதெல்லாம் எனக்குத் தெரியாது, அதுவா. அக்காவோடு வேலை பார்த்த ஸ்டெல்லா டீச்சர் பினாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார், அங்கே சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார், நீயும் வா ஞானம், முதலில் மூணு மாசம் இருந்து பார் என்று கூப்பிட்டிருக்கிறார். மூணு மாசம்தான். ஆனால் முதல் மூணு மாசம் என்று அக்கா சொன்னபோது அந்த 'முதல்' என்ற சொல்லில் ஒரு சந்தோஷம் இருந்தது, அவள் அதை மறைக்கப் பார்த்தாள், சாம்பாரைக் கிளறுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டேன். வெயில் என் இடது கால் செருப்பு வரை வந்துவிட்டது, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தால் பக்கத்து ஆளின் மேல் இடிக்கும், அவர், தம்பி வெள்ளைச் சட்டை போட்டு வந்துவிட, போட்டோவுக்கு வெள்ளை ஆகாது என்று யாரோ சொல்லக் கேட்டு, உள்ளே இருக்கிற தம்பிக்குத் தன் நீலச் சட்டையைக் கழற்றிக் கொடுத்து மாற்றிக்கொண்டவராம், தம்பியின் சட்டை அவருக்கு வயிற்றில் பொத்தான் போடவில்லை. இதையெல்லாம் கேட்காமலே சொன்னார்.

பையில் பார்சல் இருக்கிறது. ஆட்டோ ஏறும்போது கூரியர்காரர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது, புனேயிலிருந்து என் மகள் அனுப்பியது, பிரிக்க நேரமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தாள், அப்பா உங்க புக் வருது, ஐம்பது வருஷம் ஆயிடுச்சாம், முதல் தடவையாப் புத்தகமா வருது என்று. 'ஏழாம் மதகு.' அவள் பெயரே அதிலிருந்து எடுத்ததுதான், அலரி. கற்பகத்தின் வீட்டில் எல்லோரும் அரளியா அலரியா, விஷச் செடியின் பெயரையா பெண் குழந்தைக்கு வைப்பார்கள் என்று கேட்டார்கள், நான் பிடிவாதமாக நின்றேன், என் வாழ்க்கையில் நான் பிடிவாதமாக நின்ற ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். மருத்துவமனையில் பிறப்புச் சான்றிதழ் எழுதிய அம்மாள் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, ஏழாம் மதகா சார் என்றாள். இந்த மாதம் மட்டும் இது மூணாவது அலரி என்றாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, கொஞ்சம் சொந்தக்காரியைப் பார்த்தது மாதிரியும் இருந்தது. புத்தகமாகவே வராத ஒரு கதை எப்படி இத்தனை வீட்டுக்குள் போனது என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும். வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது, எழுதிய சீதளநாதனுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் ஏதோ மனஸ்தாபம், புத்தகம் போட அவர் கடைசி வரை சம்மதிக்கவில்லை. ஆகவே யார் யார் வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்தார்களோ அவர்களிடம் மட்டும்தான் கதை இருந்தது.

எங்கள் வீட்டில் அக்கா சேர்த்தாள். லால்குடியில் அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா, அம்மா எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டாள், தொடர் வந்த வருஷம் எனக்கு ஏழு, அக்காவுக்குப் பதினைந்து. பத்திரிகையின் நடுவிலிருக்கும் கம்பியை ஹேர்பின்னால் நிமிர்த்தி, தாள் கிழியாமல் அந்த நாலு பக்கத்தை மட்டும் உருவுவாள். அட்டைப் பெட்டியில் போட்டு மேலே அம்மிக் குழவியை வைப்பாள். கடைசியில் கடைத்தெரு பைண்டிங் கடையில் கொடுத்து, காலிகோ துணியில் முதுகு ஒட்டி, மூன்றாம் நாள் வாங்கி வந்தாள், பசை வாசனை ஒரு மாதம் போகவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்தின் பின்பக்கத்திலும் வேறு ஏதோ தொடரின் வால் இருக்கும், பாதி நகைச்சுவைத் துணுக்கு, பல்பொடி விளம்பரத்தில் சிரிக்கிற குடும்பம். அலரி அடியூருக்குள் இறங்குகிற இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்தப் பல்பொடிக் குடும்பமும் கூட வருகிறது, அவர்களும் மதகுக்குள் இறங்கினார்கள் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கதை இதுதான். ஏரிக்கு ஆறு மதகு, ஏரி நிரம்பித் தளும்புகிற அன்று மட்டும் ஏழாவதாக ஒன்று தெரியும், அதன் வழியாக அலரியும் தம்பி சிட்டுவும் தண்ணீருக்கு அடியில் இருக்கிற அடியூருக்குப் போகிறார்கள். மதகுப் பலகை இறங்குவதற்குள் திரும்ப வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் மாட்டிக்கொண்டவர்தான்.

பதினெட்டாம் அத்தியாயத்தின் கடைசியில் அலரி வெளியே வந்துவிடுகிறாள். சிட்டுவின் கை நழுவிவிடுகிறது. பலகை இறங்கிக்கொண்டிருக்கிறது. தொடரும். அதற்கு அடுத்து எங்கள் பைண்டில் இருந்தது இருபதாம் அத்தியாயம், அதில் அலரியும் சிட்டுவும் ஏரிக்கரையில் உட்கார்ந்து துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறார்கள், சிட்டு தும்முகிறான். அவ்வளவுதான். எப்படி வந்தான் என்று ஒரு வரி கிடையாது, ஏனென்றால் பத்தொன்பது எங்களிடம் இல்லை. ஒரு இதழ் போய்விட்டது. யார் எடுத்தது. மாடிவீட்டு விசாலம் அத்தை எடுத்தது. அவர்தான் தீபாவளிச் சமயத்தில் கோலம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு போனவர். அக்கா மாடி ஏறிப் போய்க் கேட்டாள், அத்தை எல்லாம் குடுத்துட்டேனேடி என்றார், அக்கா நம்பவில்லை, அப்பாவும் நம்பவில்லை, பிறகு எந்தப் பிள்ளையார் சதுர்த்திக்கும் எங்கள் வீட்டுக் கொழுக்கட்டை மாடி ஏறவில்லை. அத்தை தண்ணீர் கேட்டு வந்தால்கூட நான் வாசலில் நின்று முறைப்பேன். ஏழு வயதில் எனக்குத் தெரிந்த முதல் திருடர் அவர்.

நான் அழுதிருக்கிறேன். விட்டு விட்டு இரண்டு நாள் அழுதேன் என்று அப்பா பிற்காலத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். சிட்டு எப்படி வந்தான், சொல்லு, சிட்டு எப்படி வந்தான். மூன்றாம் நாள் அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட வைக்காமல் சொன்னாள், "பத்தொன்பது படிச்சிட்டேன்டா. ரமாமணி வீட்ல இருந்துச்சு." பிறகு சொன்னாள். அலரி ஓடிப்போய் இறங்குகிற பலகைக்குத் தோளைக் கொடுத்தாள். பலகை நின்றது. சிட்டு அவள் காலுக்கு இடையில் புகுந்து வெளியே வந்தான். ஆனால் மதகுக்காரன் அலரியை விடவில்லை, தோள் கொடுத்தவள் உள்ளே சேர்ந்தவள், வெளியே போக வேண்டுமானால் எதையாவது கொடு என்றான். கொலுசைக் கழற்றினாள், வேண்டாம் என்றான். ஜடைநாகத்தைக் கழற்றினாள், வேண்டாம் என்றான். கடைசியில் அலரி, நான் இனிமேல் பார்க்கப்போகிற ஊரையெல்லாம் எடுத்துக்கொள் என்றாள். சரி என்றான், விட்டுவிட்டான். நான் கேட்டேன், அப்போ அலரி எங்கயும் போகமாட்டாளா. போகமாட்டா. அவளுக்கு வருத்தமா இருக்காதா. இருக்காது, அவளுக்கு ஊர் பாக்கறதுல அவ்வளவா ஆசை இல்லை. எனக்கு நிம்மதியாகிவிட்டது, சாப்பிட்டேன். இருபத்துநாலாம் அத்தியாயத்தில் அலரி துறைமுகப் பட்டினத்துக்குப் போகிறாளே, அது எப்படி என்று ஒரு மாதம் கழித்துப் பிடித்தேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, அது சிட்டுவோட ஊருடா, இவ துணைக்குப் போறா என்றாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

டீ வாங்கினேன். சூடு நாக்கில் பட்டுப் பொத்துவிட்டது. என் உத்தியோகமே அந்தக் கதையால் வந்தது என்று சொன்னால் ஆபீஸில் சிரிப்பார்கள், ஏரிகளைப் பராமரிக்கிற பொதுப்பணித் துறையில் இருபத்தொன்பது வருஷம், எந்த ஏரிக்கு ஆய்வுக்குப் போனாலும் மதகுகளை எண்ணுவேன், கணக்கில் ஆறு என்று இருந்தால் கரையின் கடைசி வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறுவேன். ஒரு மழைக்காலத்தில் அரியலூர்ப் பக்கம் ஒரு ஏரிக்கரையில் நானும் சம்பத் என்கிற இன்னொரு பொறியாளரும் நின்றோம், ஏரி தளும்பிக்கொண்டிருந்தது, ஆறு மதகையும் பார்த்தாகிவிட்டது, சம்பத் அசையாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏழாவதைத் தேடறீங்களா என்றேன். மனுஷன் வெட்கப்பட்டுவிட்டார். அவருடைய அம்மா ஆரணியில் பைண்டு பண்ணி வைத்திருந்தாராம். அவர்களுக்கும் பத்தொன்பது இல்லை, நாவிதர் கடையில் மாட்டிக்கொண்டதாம், ஆனால் சிட்டு ஆமை முதுகில் ஏறி வந்ததாக அவர் அம்மா படித்தவர்களிடம் கேட்டுச் சொன்னாராம். ஆமை இல்லை சார், அலரி தோள் கொடுத்தாள் என்றேன். எங்கம்மா ஆமைன்னுதான் சொன்னாங்க என்றார். நான் விடவில்லை, எங்கக்கா படிச்சிருக்கா சார், ரெண்டு கண்ணாலயும் படிச்சிருக்கா என்று குரலை உயர்த்தினேன், ஜீப் டிரைவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு அரசாங்கப் பொறியாளர்கள் ஏரிக்கரையில் ஆமைக்காக ஒரு மணி நேரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. ஆரணியிலும் பத்தொன்பது இல்லை, லால்குடியிலும் பத்தொன்பது இல்லை, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. விசாலம் அத்தைக்கு ஆரணியில் கூட்டாளி இருக்க முடியாது என்பதுகூட உறைக்கவில்லை.

பார்சலை இப்போது பிரித்துவிட்டேன். பற்களால்தான் பிரிக்க வேண்டியிருந்தது. தடி அட்டை, அதே பழைய படம், நீரில் முழங்கால் வரை நிற்கும் பெண், ஆனால் கலரில், பாவாடை சிவப்பாம், நான் ஐம்பது வருஷமாகப் பச்சை என்று வைத்திருந்தேன். நேரே பதினெட்டுக்குப் போனேன். முதல் பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை, ஐம்பத்தாறு வயதுக்காரனுக்கு இந்த அவசரம் அதிகம்தான். கை நழுவியது. பலகை இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். சிட்டு தும்மினான். திருப்பிப் பார்த்தேன், தாள் இரண்டாக ஒட்டியிருக்குமோ என்று நகத்தால் கீறினேன், வெளிச்சத்தில் பிடித்தேன். பக்க எண் சரியாகத்தான் போகிறது, நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினெட்டு. அத்தியாயம் மட்டும் பதினெட்டு, இருபது. புதுப் புத்தகத்திலுமா ஒரு அத்தியாயத்தை விட்டுவிட்டார்கள், அச்சிலேயே தப்பா, அலரியிடம் சொல்லித் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும் என்று முகவரி இருக்கிற பக்கத்தைத் தேடினேன், அதற்குள் பதிப்பாசிரியர் முன்னுரை கண்ணில் பட்டது. நான் முன்னுரை படிப்பவன் இல்லை. அதில் இருந்தது. அந்த வருஷம் தீபாவளி மலர் வந்த வாரம் தொடர்கள் எதுவும் வெளியிடப்படவில்லை. அச்சகத்தில் தலைப்புக்கு எண் கோத்தவர் வாரங்களைக் கணக்கு வைத்து, பதினெட்டுக்குப் பிறகு ஒரு வாரம் தாண்டியதால் இருபது என்று போட்டுவிட்டார். பத்தொன்பதாம் அத்தியாயம் எழுதப்படவே இல்லை. காணாமல்போன இதழைக் கேட்டுப் பத்திரிகைக்குப் பல ஆண்டுகள் கடிதம் வந்துகொண்டிருந்தது, சிலர் தாங்கள் படித்ததாகச் சொல்லி முழு அத்தியாயத்தையே எழுதி அனுப்பினார்கள், ஒன்று போல் ஒன்று இல்லை, அவற்றில் அறுபத்துமூன்று இன்னும் பத்திரமாக இருக்கின்றன. இதைப் பற்றிச் சீதளநாதனிடம் கேட்டதற்கு அவர் எழுதிய தபால் அட்டையையும் போட்டிருக்கிறார்கள். சிட்டு எப்படி வந்தான் என்று எனக்கும் தெரியாது, தீபாவளி முடிந்து எழுத உட்கார்ந்தபோது இருவரும் கரையில் இருந்தார்கள், நான் கேட்டுக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறார்.

நீலச் சட்டையை இழந்தவர் என்ன சார் என்றார். ஒண்ணுமில்லை என்றேன். ஒன்றும் இல்லைதான், இல்லாத ஒன்றைத்தான் ஐம்பது வருஷமாக வைத்திருந்தேன். அப்படியானால் அந்தப் பலகையை யார் நிறுத்தியது. அக்கா எங்கே படித்தாள். ரமாமணி வீட்டில் படிக்கவில்லை, ரமாமணி வீட்டில் இல்லவே இல்லை, உலகத்தில் எந்த வீட்டிலும் இல்லை. பதினைந்து வயதுப் பெண், தாவணி, இரண்டு ஜடை, பள்ளிக்கூடத்திலிருந்து ரயில்வே லைனைத் தாண்டி நடந்து வருகிற கால் மணி நேரத்தில் அதை யோசித்திருக்கிறாள். கொலுசு வேண்டாம், ஜடைநாகம் வேண்டாம், சரி. அது எந்தக் கதையிலும் வரும். ஆனால் இனிமேல் பார்க்கப்போகிற ஊர் என்பது எங்கிருந்து வந்தது. எந்த ஊரையெல்லாம் நினைத்துக்கொண்டு அந்த லைனைத் தாண்டினாள். அச்சில் வந்தது என்றுதான் நான் நினைத்தேன், அச்சில் வந்தால் அது உலக நடைமுறை, அக்கா என்றால் பலகைக்குத் தோள் கொடுப்பாள், அவளுக்கு ஊர் பார்க்கிற ஆசை அவ்வளவாக இருக்காது, இதை ஒரு பாடம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டேன், கேள்வியே கேட்கவில்லை. அந்தமானில் போர்ட் பிளேர் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியை வேலை என்று அவளுக்கு ஆர்டர் வந்தது. அவளுக்கு இருபத்துமூன்று, எனக்குப் பதினைந்து, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த வருஷம். பழுப்பு உறை, அதை அவள் மூன்று நாள் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். கப்பலில் மூன்று நாள் போக வேண்டும். நாலாம் நாள், எனக்குக் கடல் ஒத்துக்காதுடா என்று சொல்லி, வேலை வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டாள். நான், சரிக்கா என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன், கணக்குப் பாடம் போட்டுக்கொண்டே சொன்னேன். கடல் ஒத்துக்காது. இப்போது, இந்த வேப்பமரத்தடியில், வாயெல்லாம் பொத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போதுதான் தோன்றுகிறது, அக்கா அதுவரைக்கும் கடலைப் பார்த்ததே கிடையாது. நாங்கள் வேளாங்கண்ணிக்குப் போனது அதற்கு ஏழு வருஷம் கழித்து. அன்றைக்கு அவள் அலையில் இடுப்பளவு நின்றாள், கூப்பிடக் கூப்பிட வரவில்லை, சளி பிடிக்கும் என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறேன். ஒரு குழந்தை, போட்டோவில் கண்ணை மூடிவிட்டதற்குத் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறது. ஒரு பாதிரியார். தம்பி நீலச் சட்டையில் வந்தான், இரண்டு பேரும் மரத்துக்குப் பின்னால் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். எனக்கு அக்காவிடம் கோபம் வருகிறதா என்று தேடிப் பார்த்தேன். வருகிறது, பொய் சொல்லமாட்டேன். ஏன் எனக்கு அதை அச்சில் வந்ததாகச் சொன்னாள், அவளாகச் சொன்னது என்று தெரிந்திருந்தால் ஒரு தடவையாவது ஏன்க்கா என்று கேட்டிருப்பேனே. கேட்டிருப்பேனா. பதினைந்து வயதில் பழுப்பு உறையைப் பார்த்து நான் ஒன்றும் கேட்கவில்லை, அதற்கு எந்த அச்சும் காரணம் இல்லை, எனக்குச் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கத்தைவிட எனக்கு இந்த நிமிஷம் அதிகமாக இருப்பது வேறு, ஏழு வயதில் இருந்த அதே அரிப்பு, அந்தக் கால் மணி நேரத்தில் அவள் மனதில் என்ன ஓடியது, இது மட்டும்தான் ஓடியதா, வேறு ஏதாவது வந்து அதை அடித்துவிட்டு இதை எழுதினாளா. கற்பகத்தின் ஒரு வார்த்தை இன்னும் என் நாக்கின் கீழேதான் இருக்கிறது. இதைக் கேட்ட பிறகு அதைச் சொல்வதா, அதைச் சொன்ன பிறகு இதைக் கேட்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா வெளியே வந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு என்னைத் தேடினாள்.

"கைரேகை ரெண்டு தடவை விழலைடா. சாக்பீஸ் புடிச்ச கைம்மா, தேஞ்சு போயிருக்கும்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சிட்டா." உட்கார்ந்து ஃபைலால் விசிறிக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது, பரீட்சை எழுதிவிட்டு வந்தவள் முகம். புத்தகத்தை அவள் மடியில் வைத்தேன். அட்டையைத் தடவினாள். "பாவாடை சிவப்பா?" என்றாள்.

"பத்தொன்பது கிடையவே கிடையாதாம்க்கா. அச்சாபீஸ்ல நம்பர் தப்பாப் போட்டுட்டாங்களாம்."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நான் காட்டிய பக்கத்தைப் படித்தாள். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே முழுவதும் படித்தாள். "அப்போ விசாலம் அத்தை எடுக்கலையா" என்றாள். அந்த வரிக்கே திரும்பப் போய், "பாவம்டா அவங்க" என்றாள்.

"நீ எப்படிக்கா சொன்ன? பலகைக்குத் தோள் குடுத்தது, ஊரையெல்லாம் குடுத்தது, எல்லாத்தையும்."

"நீ அழுதுட்டு இருந்த. ஏதாவது சொல்லணும்ல."

"அதேதான் முதல்ல தோணுச்சா?"

அக்கா புத்தகத்தை மூடி மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "இல்லடா" என்றாள். "முதல்ல வேற தோணுச்சு. அவ திரும்பியே பாக்காம கரையேறிப் போயிட்டான்னு தோணுச்சு. போயி, பஸ் ஏறி, எங்கயோ போயிட்டா. லைன் தாண்டறவரைக்கும் அப்படித்தான் போச்சு. நல்லா இருந்துச்சு." கொஞ்சம் சிரித்தாள். "அதை வந்து உன்கிட்ட சொல்ல முடியுமா. நீ வாசல்லயே உக்காந்திருந்த."

டீக்கடையில் யாரோ பாட்டைச் சத்தமாக வைத்தார்கள், பிறகு குறைத்தார்கள். நான் அவளைப் பார்க்காமல் எதிர்க் கடை ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கின் கீழே எதுவும் இல்லை, கற்பகத்திடம் என்ன சொல்வது என்பதை ஆட்டோவில் யோசித்துக்கொள்ளலாம்.

"இனிமே போலீஸ் விசாரணை இருக்காம்" என்றாள் அக்கா. "வீட்டுக்கு வருவாங்களாம். வீட்டு ஆளுங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை கேப்பாங்களாம். என்னைக்குன்னு சொல்லமாட்டாங்க."

"நான் இருக்கேன்க்கா. லீவு போட்டுடறேன்."

"என்ன கேப்பாங்களோ."

"எத்தனை வருஷமா இந்த வீட்ல இருக்காங்க, எதுக்குப் போறாங்கன்னு கேப்பாங்க."

"என்ன சொல்லுவ?"

"அவங்களுக்குப் போகணும்னு ஆசை சார்னு சொல்லுவேன். பதினஞ்சு வயசுலேர்ந்தேன்னு சொல்லுவேன்."

அக்கா பையை மடியில் வைத்துத் திறந்து, ஃபைலைப் பெஞ்சில் வைத்தாள், கைக்குட்டையை எடுத்தாள், சில்லறைப் பர்ஸை எடுத்தாள், கண்ணாடியைக் காணோமே என்று பைக்குள்ளேயே குனிந்து ரொம்ப நேரம் தேடினாள். கண்ணாடி அவள் மூக்கின் மேல்தான் இருந்தது. தேடட்டும் என்று நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.